ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாள் மாணவர்கள் சேர்த்த பணம்: எதில் முதலில் போடலாம்?

பென்னாகரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவன் நான். இப்போது பெங்களூருவில் வேலை. பள்ளிக்கு ஏதாவது செய்யணும் என்று முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசப் பேச, கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் போலச் சேர்ந்துவிட்டது. கட்டட மேஸ்திரி, லாரி ஓட்டுநர், ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர் என்று எல்லோரும் கொடுத்த பணம். ஐந்நூறு கொடுத்தவரும் உண்டு, பத்தாயிரம் கொடுத்தவரும் உண்டு.

இதை எதில் போடுவது என்பதில்தான் இப்போது இழுபறி. பள்ளி வாசலில் ஆர்ச் கட்டி, பணம் கொடுத்தவர் பெயரையெல்லாம் கல்வெட்டில் போடலாம் என்பது ஒரு கட்சி. இரண்டு நாள் மின்னொளிக் கபடிப் போட்டி நடத்தினால் பணம் இரட்டிப்பாகும், அப்புறம் பெரிதாகச் செய்துகொள்ளலாம் என்பது இன்னொரு கட்சி.

எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. பொங்கலுக்குப் போயிருந்தபோது மைதானத்தைப் பார்த்தேன். மழைக்கு மேல்மண் எல்லாம் அடித்துக்கொண்டு போய், சரளைதான் மிச்சம். ஏழாவது படிக்கிற பெண் பிள்ளைகள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கம்பத்துக்குப் பதில் வேப்பங்கிளையை வெட்டி நட்டிருந்தார்கள். பிடித்துத் திரும்பும்போது அது ஆடுகிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை, ‘கோ’ சொன்னதும் எழுந்து, முட்டியில் பதிந்திருந்த கல்லைத் தட்டிவிட்டுக்கொண்டே துரத்தினாள். பள்ளியில் பி.டி. ஆசிரியர் கிடையாது. கணக்கு டீச்சர்தான் விசில் ஊதுகிறார்.

அந்தப் பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேருகிற மாதிரி இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இந்த மாதிரி வேலை செய்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எதை முதலில் செய்யலாம், எப்படி முறையாகச் செய்யலாம் என்று சொல்லுங்கள்.

அரூர் வாத்தியார்

தம்பி, நல்ல காரியம். ஒன்றியப் பள்ளிகளில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் பணத்தைத் தொடுவதற்கு முன்னால், பள்ளிக்கு வர வேண்டியது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடுகிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுக்கென்றே ஆண்டு மானியம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 என்பது திட்ட விதி. பொதுவான பள்ளி மானியம் தனி. 31 முதல் 100 பிள்ளைகள் வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. 2024-25ல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான பங்கை நிறுத்தி வைத்ததில் எல்லாமே தள்ளாடியது உண்மை. ஆனாலும் தலைமை ஆசிரியரிடம் உட்கார்ந்து, எது வந்தது, என்ன வாங்கினார்கள் என்று பொருள் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். இருக்கிற பந்தையே திரும்ப வாங்க வேண்டாம்.

அப்புறம், 2024ல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள். கிரிக்கெட், வாலிபால், கால்பந்து, சிலம்பம் என்று 33 வகைப் பொருள். சில ஊரில் அது ஊராட்சி அலுவலக அறையிலேயே பூட்டிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டுப் பாருங்கள்.

பி.டி. ஆசிரியர் விஷயம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே மைதானமும் விளையாட்டுப் பொருளும் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும் என்று இருக்கிறது. 6 முதல் 8 வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் தர வேண்டும். அதன்படிதான் 2012ல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், வாரத்துக்கு மூன்று அரை நாள். உங்கள் பள்ளியின் எண்ணிக்கை அந்த அளவுக்கு வருகிறதா பாருங்கள். வராவிட்டாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியரை ஒரு நாள் அனுப்பக் கேட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு கொடுக்கலாம். கிராம சபையிலும் தீர்மானம் போடுங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊர்க்காரர் கையெழுத்தோடு போகிற தாளுக்கு மதிப்பு அதிகம்.

கோகோ அக்கா

ஐயா சொன்ன பகுதிநேர ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. பர்கூர் பக்கம்.

பென்னாகரத்தான் தம்பி, கம்பமும் மைதானமும் கண்டிப்பாக வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் சாப்பாடு. இதை யாரும் யோசிப்பதே இல்லை என்று எனக்கு ரொம்ப நாளாக மனக்குறை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. நல்ல திட்டம், நான் கண்ணால் பார்க்கிறேன், பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். நடுநிலைப் பள்ளியில் என்ன ஆகிறது? ஒரே வளாகம். தங்கச்சி உள்ளே உட்கார்ந்து ரவா கிச்சடி சாப்பிடுகிறாள், ஏழாவது படிக்கிற அக்கா அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே நிற்கிறாள். 14 வயதுக்குட்பட்டோர் போட்டியில் பள்ளிக்காக ஆடப் போவது அந்த அக்காதான். மதிய சத்துணவும் முட்டையும் அவளுக்கு உண்டு. ஆனால் பயிற்சி நடப்பது காலையில்.

ஏழு மணிக்குப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை ‘என்ன சாப்பிட்டு வந்தே’ என்று கேட்டால் டீயும் வர்க்கியும் என்பார்கள். சிலர் ஒன்றுமே சொல்லாமல் சிரிப்பார்கள். அம்மா அப்பா விடியும் முன்னாலேயே கட்டட வேலைக்கு வேன் ஏறிவிடுகிறார்கள். வீட்டில் பாட்டி இருந்தால் முந்தின நாள் களியில் மோர் ஊற்றிக் கொடுத்திருப்பார், அந்தப் பிள்ளை நன்றாக ஓடும். இல்லாத பிள்ளை இரண்டு சுற்று ஓடியதும் கண் இருட்டுது டீச்சர் என்று உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் நான் கோ-கோவில் என்ன நுணுக்கம் சொல்லிக் கொடுப்பது?

பெரிய செலவு இல்லை. ராகி நம் மண்ணில் விளைவது. வெல்லம் போட்டு ராகிக் கஞ்சி, கூடவே ஒரு கைப்பிடி அவித்த கல்லக்கா (நிலக்கடலை), ஒருநாள் கொள்ளுச் சுண்டல், ஒருநாள் தட்டைப்பயறு. தலைக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். காலை உணவு சமைக்கிற மகளிர் குழு அக்காக்களிடமே பேசலாம், ஆனால் அரசுத் திட்டப் பொருளையும் உங்கள் பொருளையும் கலக்கக் கூடாது. கணக்கும் பாத்திரமும் தனியாக இருக்க வேண்டும்.

அடுத்தது போக்குவரத்து. குறுவட்டப் போட்டி, அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்டப் போட்டி. பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும்தான். பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாவட்ட மைதானத்துக்குப் போய் வர வேன், மதியச் சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் ஆசிரியரின் கைக்காசுதான். வசதி இல்லாத வருஷம் அணியே போகாது.

மூன்றாவது, பெண் பிள்ளைகளுக்கு டிராக் பேன்ட், முழுசாக மூடுகிற டி-ஷர்ட். சுடிதார் பேன்டோடு ஓடித் தடுக்கி விழுகிறார்கள். ‘டவுசர் போட்டு ஆடுமா என் பொண்ணு’ என்று கேட்ட அப்பாவே டிராக் பேன்ட் என்றதும் சரி என்றார். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். மாதத்தில் அந்த நாட்களில் பயிற்சிக்கு வராமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கம்பத்துக்கு அளவு: தரைக்கு மேல் 120 முதல் 125 செ.மீ. உயரம், குறுக்களவு 9 முதல் 10 செ.மீ., நல்ல மரம், மேலிருந்து கீழ் வரை ஒரே பருமன், வழவழப்பாக இழைத்தது. முனையில் கூர் இருக்கக் கூடாது. புதைக்கிற நீளம் தனி, அதைத் தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காவேரிப்பட்டணம் ரைடர்

அக்கா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். உண்மை. நானும் காலையில் வெறும் வயிற்றோடு கபடி பாடிப் போனவன்தான்.

ஆனால் போட்டியே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிடாதீர்கள். மின்னொளிப் போட்டியில் பணம் இரட்டிப்பாகும் என்று சொன்னவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பல ஊரில் நான் ஆடியிருக்கிறேன், இரண்டு மூன்று போட்டி நடத்தவும் உதவியிருக்கிறேன். விளக்கு, ஜெனரேட்டர், மைக் செட், பந்தல், நடுவர் படி, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு, அப்புறம் நான்கு பரிசு. பரிசுத் தொகையை ஊரில் யாராவது ஏற்றுக்கொண்டால்தான் தப்பிக்கலாம். நுழைவுக் கட்டணம் சாப்பாட்டுச் செலவுக்கே காணாது. மிச்சம் நின்றாலும் அது ஊர் இளைஞர் அணியின் பெருமைக்கு நடக்கிற விழா. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு அதில் இடமே இல்லை.

அதற்குப் பதில், பகலில், சுற்றுவட்டப் பள்ளிகளின் 14 வயதுக்குட்பட்ட அணிகளை மட்டும் கூப்பிடுங்கள். எட்டு அணி போதும். ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர் ஆடுகளம் என்றால் சிறுவர்களுக்கு 11க்கு 8 போதும், பாதி நேரமும் 20 நிமிடத்துக்குப் பதில் 15. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். காசாகக் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள். ஒருவர் அரிசி, ஒருவர் காய், பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிறவர் இரண்டு பெட்டி இறக்கிவிட்டுப் போவார். பந்தல்காரர் வாடகையில் குறைப்பார். தன் பிள்ளை ஆடுவதை அன்றைக்குத்தான் பல அப்பாக்கள் முதல்முறையாகப் பார்ப்பார்கள். அதற்கு அப்புறம் ‘விளையாட்டு என்ன சோறு போடுமா’ என்கிற பேச்சு வீட்டில் குறையும்.

பெண்கள் அணியையும் கட்டாயம் கூப்பிடுங்கள். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வாங்கி வந்தபோது, எங்கள் ஊரில் எத்தனை பெண் பிள்ளைகள் போனில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் தெரியுமா? ஆட இடம் இருந்தால் ஆடுவார்கள்.

ஓசூர் ஷிப்டு

ரைடர் அண்ணா, ஒரு கவலை. எங்கள் பக்கம் ஒரு ஊரில் பள்ளிப் பெயரைச் சொல்லி வசூல் செய்து போட்டி நடத்தினார்கள். ஜெர்சியில் சாதிச் சங்கத்துப் பெயர், பேனரில் கட்சிக்காரர் படம். இரண்டாம் நாள் ராத்திரி குடித்துவிட்டு அடிதடி. அடுத்த வருஷம் தலைமை ஆசிரியர் மைதானத்தைத் தர மறுத்துவிட்டார். அதிலிருந்து பிள்ளைகள் சாயந்திரம் விளையாடுவதும் நின்றது, கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

காவேரிப்பட்டணம் ரைடர்

அதனால்தான் பகல், அதனால்தான் பள்ளி அணிகள் மட்டும். ஜெர்சியில் பள்ளிப் பெயரும் எண்ணும் தவிர வேறு எழுத்து கூடாது என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள். விளம்பரதாரர் பேனரை மைதானத்துக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பேரேடு

கணக்குப் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன், அதுதான் என் தொழில்.

ஒன்று, பணம் இப்போது யாருடைய தனிக் கணக்கில் இருக்கிறதோ அங்கே நீண்ட நாள் வைத்திருக்காதீர்கள். அந்த நபருக்கும் நல்லதில்லை, குழுவுக்கும் நல்லதில்லை.

‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று 2022 டிசம்பரில் அரசு ஆரம்பித்த அமைப்பு இருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்த் அதன் தூதுவர். அதன் இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டலாம், ரசீது வரும். வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது வசதி. நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை வேண்டும் என்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது.

இரண்டாவது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மைதானம் சமன் செய்வது, சுற்றுச்சுவர் போன்ற வேலைக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தை விசாரியுங்கள். 1997-98லிருந்து இருக்கிற திட்டம், நடுவில் நின்று மறுபடி வந்தது. மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒன்றே போதும். ஒரு லட்சம் கட்டினால் மூன்று லட்சம் மதிப்புள்ள வேலை நடக்கும். ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போட்டு, மாவட்ட ஆட்சியர் அனுமதி தர வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். ஆனால் சாப்பாட்டுக்கும் வேனுக்கும் இதில் பணம் வராது. அதனால் மண் வேலையை இதில் தள்ளிவிட்டு, அக்கா சொன்ன செலவுகளுக்கு ரொக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

மண் என்றதும் ஞாபகம். ஏரி வண்டலை அள்ளி மைதானத்தில் கொட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். தாசில்தார் தருகிற வண்டல் அனுமதி விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும்தான். அதை நம்பி டிராக்டரை விடாதீர்கள்.

ஊர்க்காரன் நல்லம்பள்ளி

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுகிறோம், ஒரு வீடு பாக்கி இல்லாமல் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கவுண்டர் சொன்னால் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். ஊர் சேர்ந்து செய்த மாதிரியும் இருக்கும்.

அரூர் வாத்தியார்

நல்லம்பள்ளித் தம்பி, உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் இதை நான் உறுதியாக மறுக்கிறேன்.

கோயில் வரி எல்லா ஊரிலும் எல்லோரிடமும் வாங்குவதில்லை. காலனி வீடுகளை அந்தக் கணக்கிலேயே சேர்க்காத ஊர்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பதில் பாதிக்கு மேல் அந்த வீட்டுப் பிள்ளைகள். வசதி இருக்கிறவர் தன் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார். அப்படியிருக்க, கோயில் கணக்கின் வழியாகப் பள்ளிக்கு வசூல் செய்தால், யாருடைய பிள்ளைகளுக்காகப் பணம் சேர்க்கிறோமோ அவர்கள் வீடே கணக்கில் இருக்காது. நாளைக்கு ‘எங்கள் வரிப் பணத்தில் போட்ட மைதானம்’ என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று, வரி என்றால் கட்டாயம். அரசுப் பள்ளியில் யாரிடமும் கட்டாயமாக ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. விருப்பப்பட்டுக் கொடுப்பது மட்டும் போதும், அது கொஞ்சமாக இருந்தாலும் சரி.

ஊர்க்காரன் நல்லம்பள்ளி

ஐயா, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. சரிதான். ஆனால் ஊர் மொத்தமும் பங்கெடுக்க ஒரு வழி வேண்டும் என்பதை மட்டும் விட மாட்டேன். பெங்களூருவில் இருப்பவர்கள் மட்டுமே சேர்ந்து செய்தால், ஊரில் இருப்பவர்களுக்கு அது வேறு யாரோ செய்த வேலையாகத்தான் தெரியும். நாளைக்கு மைதானத்தில் மாடு கட்டுவதை யார் தடுப்பார்கள்?

பின்பாட்டு

ஊர் மொத்தமும் என்றால் கூத்துதான். மாசி, பங்குனியில் புளி உலுக்கி முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும், களத்து வேலையும் குறைந்திருக்கும். பள்ளி மைதானத்திலேயே ஒரு ராத்திரி தெருக்கூத்து வையுங்கள். கூத்து நடுவில் அன்பளிப்புக் கொடுப்பார்கள் அல்லவா, பத்து ரூபாய் கொடுத்தாலும் கட்டியங்காரன் பெயர் சொல்லி வாழ்த்துவார். ‘இன்றைய அன்பளிப்பில் கூத்து ஜமாவுக்கு (குழுவுக்கு) பேசிய தொகை போக மிச்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு’ என்று அவரே நடுநடுவில் சொன்னால் போதும், அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி எல்லோரும் ஒரே தரையில் உட்கார வேண்டும், அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கலைஞர்களுக்குப் பேசிய தொகையில் மட்டும் கை வைக்காதீர்கள். அவர்களும் அந்தச் சில மாத வருமானத்தில்தான் ஆண்டை ஓட்டுகிறார்கள்.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன் இரவில் அரை மணி நேரம் சிலம்பமோ கோலாட்டமோ கொடுத்தால் அம்மாக்கள் அத்தனை பேரும் வருவார்கள்.

குழுத் தலைவி

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. காரிமங்கலம் பக்கம். என் மகன் ஆறாவது, மகள் மூன்றாவது.

சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தலைவி ஒரு மாணவரின் அம்மா. 2024ல் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். இவ்வளவு இருந்தும், வெளியூரிலிருந்து உதவி செய்ய வருகிறவர்கள் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போகிறார்கள், பொருளைக் கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். ஒரு வருஷம் எங்கள் பள்ளிக்கு இரண்டு பேர் தனித்தனியாகத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்று பிரிக்காமலே இருந்தது. அந்த வருஷம் எங்களுக்குத் தேவைப்பட்டது பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு ஒரு கதவு.

குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் வைக்கிறார்கள். களை வெட்டப் போகிற அம்மா பாதி நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அதற்கு வர வேண்டும். அப்படி வந்து உட்காருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோகோ அக்கா சொன்ன கஞ்சியை யார் காய்ச்சுவது, எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டாவது முடிந்ததும் உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில். அங்கேதான் பெண் பிள்ளைகள் நிற்கிறார்கள். தூரம் என்பார்கள், துணை இல்லை என்பார்கள், அடுத்த வருஷமே மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வரும். நம் இரண்டு மாவட்டத்திலும் இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் கபடி ஆடிய ஒரு பிள்ளை மட்டும் ஒன்பதாவது சேர்ந்தாள். காரணம், அந்தப் பள்ளி பி.டி. சார் இவள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். அவள் சைக்கிளில் போவதைப் பார்த்து அடுத்த வருஷம் இன்னும் இருவர் சேர்ந்தார்கள். அதனால்தான் விளையாட்டுக்குச் செலவு செய்வதை வெட்டிச் செலவு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

கோகோ அக்கா

தலைவி அக்காவுக்கு நன்றி. இதோடு ஒன்று சேர்க்கிறேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11ஆம் வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வு நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு இது காதுக்கே எட்டுவதில்லை. எட்டினாலும் தேர்வுக்கு அழைத்துப் போக ஆள் இருக்காது. உங்கள் குழுவில் யாராவது ஒருவர் இந்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கோடையில் அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போடுவது, பெற்றோரோடு சேர்ந்து கூட்டிப் போவது. காசு பெரிதாக ஆகாது, நேரம்தான்.

ஓசூர் ஷிப்டு

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஓடியாடுகிற பிள்ளை நிறையக் குடிக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் காவிக் கறை படிந்த பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எலும்பையும் அது விடாது. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதற்காகத்தான். பள்ளித் தொட்டிக்கு எந்த இணைப்பு போகிறது, போரா, ஒகேனக்கல் தண்ணீரா என்று முதலில் பாருங்கள். இணைப்பை மாற்ற ஊராட்சியில் கேட்பதோடு முடிந்துவிடலாம். காசு கொடுத்து இயந்திரம் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பென்னாகரத்தான்

எல்லோரும் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இழையை அப்படியே எங்கள் குழுவில் போட்டேன். அப்புறம் ஊருக்குப் போய், தலைமை ஆசிரியர், மேலாண்மைக் குழு அம்மாக்கள், ஊராட்சிச் செயலர் எல்லோரோடும் உட்கார்ந்து பேசினோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தோம், பதினைந்து அம்மாக்களுக்கு மேல் வந்தார்கள்.

ஆர்ச் இல்லை என்று முடிவாகிவிட்டது. அதில் பிடிவாதமாக இருந்த அண்ணன் ஒருவர், தன் அப்பா பெயரை எங்காவது போட வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டிருக்கிறார். அவர் அப்பா அந்தப் பள்ளியில் இரவுக் காவலாக இருந்தவர். வருஷா வருஷம் நடக்கிற சிறுவர் போட்டியின் கோப்பைக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று தலைமை ஆசிரியர் சொன்னதும் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோப்பைச் செலவு முழுக்க அவருடையது.

மைதான வேலைக்கு நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பம் எழுதுகிறோம். அதற்கு எண்பதாயிரம் ஒதுக்கியிருக்கிறோம். மீதியில் கஞ்சி, வேன், டிராக் பேன்ட். கம்பத்தை உள்ளூர்த் தச்சர் கூலி வாங்காமல் செய்து தருகிறேன் என்றார், மரம் மட்டும் நம்முடையது. கழிப்பறைக் கதவையும் பார்த்தோம். தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர்க் குழாய்தான் இல்லை, அது இந்த வாரம் முடிந்துவிடும். வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் மாதம் ஒரு முறை ஒட்டுவது என்று அம்மாக்களே கேட்டு வாங்கினார்கள். ஊராட்சி அறையில் அந்த உபகரணத் தொகுப்பு இருந்தது, வாலிபால் வலை பிரிக்கவே இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் போவது போர் இணைப்புதான். மாற்றித் தரக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

கூத்து பங்குனியில். சிறுவர் போட்டி அதற்கு முந்தின ஞாயிறு. கபடிக்கு ஆறு பள்ளி ஒத்துக்கொண்டிருக்கிறது, பெண்கள் அணி நான்கு. ஒரே ஒரு சிக்கல்: நடுவர். வெளியிலிருந்து கூப்பிட்டால் படி கொடுக்க வேண்டும், ஊர்க்காரர் விசில் ஊதினால் பேச்சு வரும். யாராவது வழி சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் ரைடர்

நான் வருகிறேன், கூட இரண்டு பேரைக் கூட்டி வருகிறேன். மூவருமே மாவட்டப் போட்டிகளில் விசில் ஊதியவர்கள், உங்கள் பக்கம் யாருக்கும் சொந்தம் கிடையாது. படி வேண்டாம், மதியச் சாப்பாடு போதும். முந்தின நாள் சாயந்திரமே வந்தால் கோடு போட்டு, பிள்ளைகளுக்கு போனஸ் கோடும் லாபியும் (ஆடுகளத்தின் இரு ஓரப் பட்டை) என்ன என்று ஒரு முறை நடந்து காட்டிவிடலாம், பாதிச் சண்டை அதில்தான் வரும். சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை வாங்கி வையுங்கள். ராத்திரி தங்க இடமும், பென்னாகரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிப் போக ஒரு வண்டியும் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

கோகோ அக்கா

தேதி முடிவானதும் இங்கேயே போடுங்கள் தம்பி. எங்கள் பள்ளிப் பெண்கள் கோ-கோ அணியும் வரத் தயார். வேன் செலவு எங்கள் பக்கம், காலைக் கஞ்சி உங்கள் பக்கம்.